மெய்ந்நிலைப் பதிவின் வரலாறு: கரணச் சிற்பம் முதல் வயற் குறிப்பேடு வரை

மனிதன் தன் சொல்லைப் பதிவதற்கு எழுத்தையும், இசையைப் பதிவதற்குச் சுரக்குறியையும், நிலத்தைப் பதிவதற்கு வரைபடத்தையும் கண்டான். ஆயின், தன் உடல் ஒரு கணத்தில் எவ்வாறு நின்றது, எவ்வாறு வளைந்தது, எவ்வாறு குந்தியிருந்தது என்பதைப் பிறர் பின்னர் அறியுமாறு பதிந்துவைக்கும் வழி அவனுக்கு எளிதிற் கைகூடவில்லை. சொல் ஒன்றன்பின் ஒன்றாக வருவது. ஆதலின் அதனை வரிசையாக எழுதிவிடலாம். உடலோ தலை, கழுத்து, முதுகு, தோள், கை, இடை, முழந்தாள், பாதம் எனப் பல உறுப்புக்களால் ஒரே வேளையில் ஒரு நிலையைக் கொள்கின்றது. அவ்வனைத்தையும் ஒருங்கே உரைக்கும் குறிமுறை யாது என்னும் வினாவே இக்கட்டுரைப் பொருளுக்குத் தோற்றுவாய்.

உடல்நிலை என்னும் சொல் இன்று பெரும்பாலும் நலத்தையும் நோயையும் குறித்து வழங்குகின்றது. ஆதலின் உடல் கொள்ளும் அமைதியை மெய்ந்நிலை என்றே ஈண்டுக் குறிப்பிடுவாம். உழைப்பவரின் உடலுக்கும், அவர் செய்யும் தொழிலுக்கும், கையாளும் கருவிக்கும் உள்ள பொருத்தத்தை ஆராயும் துறை பணிச்சூழலியல் எனப்படும். இத்துறைக்கு மேனாட்டார் வழங்கும் பெயரை முதன்முதல் ஆக்கியவர் போலந்து நாட்டறிஞரான யஸ்திர்செம்போவ்ஸ்கி; ஆண்டு 1857. அப்பெயர் மறக்கப்பட்டுக் கிடக்க, 1949இல் இங்கிலாந்தில் மரெல் என்பார் அதனைப் புதிதாக ஆக்கி வழக்கிற் கொணர்ந்தார். துறையின் பெயர் புதிது. அதன் வினா பழைது. மெய்ந்நிலையைப் பதிந்தோர் யாவர், எவருடைய உடலைப் பதிந்தனர், எதன்பொருட்டுப் பதிந்தனர் என்னும் மூன்றினையும் முறையே நோக்கின், வன்னி நிலத்து வயலிலும் கரையிலும் பாடுபடுவோர்க்கு அவ்வரலாறு உரைப்பது யாது என்பது புலனாகும்.

பண்டைப் பாகுபாடு

எதனையும் பதியுமுன் அதனை வகுத்தல் வேண்டும். மெய்ந்நிலையை வகுத்த பழைய முறைகளுள் ஒன்று பௌத்த நூல்களிற் காணப்படுகின்றது. நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் என உடலின் நிலைகளை நான்காக வகுத்து, அந்நான்கினும் துறவி தன் உடலை உணர்ந்திருத்தல் வேண்டும் என அவை விதிக்கின்றன. பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் காலத்தனவாகிய கல்விகாரைச் சிற்பங்கள், இருத்தல், நிற்றல், கிடத்தல் என்னும் மூன்று நிலைகளையும் ஒரே பாறையில் நமக்குக் காட்டுகின்றன.

தமிழ் மரபிலோ, தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் உள்ளத்து உணர்வு உடலிற் புலப்படுமாற்றை எண்வகையாக்கிக் கூறுகின்றது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், ஆடற்கைகளை ஒற்றைக்கை, இரட்டைக்கை எனப் பகுத்து எண்ணிக் காட்டுவதோடு, அழகு காட்டுவது எழிற்கை, தொழில் காட்டுவது தொழிற்கை, பொருள் காட்டுவது பொருட்கை என்னும் பாகுபாட்டையும் தருகின்றார். தொழில்செய்யும் கையை ஆடலரங்கிற் காட்டுதற்கெனத் தனிப்பெயர் ஒன்று இருந்தமை கருதத்தக்கது. நம் முன்னோர் உழைக்கும் உடலை உற்றுநோக்காதவர் அல்லர். ஆயின் அந்நோக்கு உழைப்பவர் பொருட்டன்று; அரங்கின் பொருட்டேயாம்.

கல்லிற் பதிந்த கரணம்

உடலின் நிலைகளை முழுமையான ஒரு தொகுதியாகப் பதிய முனைந்த பெருமுயற்சி தமிழகத்துக் கோயில்களிலேயே உள்ளது. கையும் காலும் இயைந்து நிகழும் ஆடலசைவைக் கரணம் என்பர். நாட்டிய சாத்திரம் 108 கரணங்களைச் சுலோகங்களால் இலக்கணப்படுத்துகின்றது. 1010 அளவில் முதலாம் இராசராசனால் நிறைவுற்ற தஞ்சைப் பெருவுடையார் கோயிலில், கருவறையைச் சூழ்ந்த மேற்றளத்துச் சுற்றில், இக்கரணங்களைச் சிவபெருமானே ஆடுவதாகச் சிற்பிகள் வரிசையாகச் செதுக்கினர். அவற்றுள் 81 முற்றுப்பெற்றன. எஞ்சிய 27 கரணங்களுக்குரிய கற்கள் உருவம் பெறாமலே உள்ளன. தில்லைக் கோபுர வாயில்களிலே ஆடல்மகளிர் உருவங்களாகக் கரணங்கள் அமைந்துள்ளன. அங்குச் சிற்பத்தோடு நாட்டிய சாத்திரச் சுலோகங்களும் பொறிக்கப்பட்டிருத்தல் தனிச் சிறப்பாகும்.

பதிவுமுறை என்னும் நோக்கில் இதன் அருமையை உணர்தல் வேண்டும். சுலோகம் மட்டும் இருப்பின், அது கூறும் நிலை யாது என்பதில் ஐயம் எழும். சிற்பம் மட்டும் இருப்பின், அதன் பெயர் யாது, விதி யாது என்பது தெரியாது. இரண்டும் ஒருங்கிருக்கும்போது ஒன்றற்கு ஒன்று உரையாகின்றது. 1926இல் பரோடாவிலிருந்து வெளிவந்த நாட்டிய சாத்திரப் பதிப்பின் முதற்றொகுதியில், பதிப்பாசிரியர் இராமகிருஷ்ண கவி தில்லைச் சிற்பங்களின் படங்களைச் சேர்த்தமைக்கு இதுவே காரணமாதல் கூடும். பின்னர் பத்மா சுப்பிரமணியம் முதலியோர் கரணங்களை மீண்டும் ஆடிக் காட்டுதற்கும் இக்கற்களே சான்றாயின.

எனினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கரணம் என்பது அசைவு, சிற்பமோ அசையாதது. ஓர் அசைவின் தொடக்கத்தையா, நடுவையா, முடிவையா செதுக்குவது? எந்தக் கணத்தைத் தெரிவது என்னும் இவ்விடர், பின்வந்த நிழற்படக்காரருக்கும் இன்றைய ஆய்வாளருக்கும் நீங்காத இடராகவே இருந்து வந்துள்ளது.

மற்றொன்றும் ஈண்டு நினைக்கற்பாலது. இராசராசனின் கல்வெட்டு, கோயிற்பணிக்கு அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை அவர்தம் மனைவரிசையோடு குறித்து, ஒவ்வொருவர்க்கும் ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் பங்காக விதிக்கின்றது. ஆடினோர் பெயர் கல்லில் உள்ளது. ஆடலின் நிலையும் கல்லில் உள்ளது. ஆனால் அந்நெல்லை நட்டும், களைபறித்தும், அரிந்தும் தந்தோரின் குனிந்த முதுகுக்கு அத்திருச்சுற்றில் இடமில்லை. எவருடைய உடல் பதிவுக்கு உரியதென ஒரு காலம் கருதியது என்பதை இவ்வேறுபாடு காட்டிவிடுகின்றது.

மருத்துவரும் அளப்போரும்

உழைப்பவரின் மெய்ந்நிலையை நோய்க்குக் காரணமாக எழுதி வைத்தவர்களுள் முதன்மையானவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ இராமட்சினி. தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவரது நூல் 1700இல் வெளிவந்தது, 1713இல் விரிவாக்கப்பட்டது. உலோகப் புகையும் தூசியும் மட்டுமன்றி, ஒழுங்கற்ற அசைவுகளும் இயல்புக்கு மாறான நிலைகளும் உடலைக் கெடுக்கும் என்று அவர் கண்டார். காலை மடக்கியிருந்து தைக்கும் தையற்காரரையும், நெடுநேரம் நின்று உழைப்போரையும் தனித்தனி ஆராய்ந்தார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் வினாக்களோடு, "நீ செய்யும் தொழில் யாது?" என்பதையும் கேட்டல் வேண்டும் என அவர் அறிவுறுத்தியமை உலகறிந்தது. அவருடைய பதிவுமுறை சொல்லே. ஆயினும் அதன் நோக்கு உழைப்பவரின் நலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்தியாவில் உடலை அளக்கும் வேறொரு முறை பரவியது. சென்னை அரும்பொருட் காட்சிச்சாலையின் தலைவராயிருந்த எட்கர் தேர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. இவ்வளவைகள் மக்களைச் சாதியாகவும் இனமாகவும் வகைப்படுத்துதற்கு எழுந்தவை. அளவுகோலின் முன் நிறுத்தப்பட்டவன் உழவனாயினும் குயவனாயினும், அவன் தொழில்செய்யும் நிலையை அவ்வளவுகோல் அறியாது.

இதே காலத்தில் லாகூரில் உடற்கூற்றுப் பேராசிரியராயிருந்த ஹவலொக் சாள்ஸ் என்பார், பஞ்சாப் மக்களின் காலெலும்புகளை ஆராய்ந்து 1893இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இளமை தொட்டுக் குந்தியிருந்து பழகியவரின் கணைக்கால் மூட்டெலும்புகளிலே சிறு தட்டையான தடங்கள் தோன்றுகின்றன என அவர் காட்டினார். கோலும் மையும் இன்றி, வாழ்நாள் முழுதும் கொண்ட நிலையை எலும்பே எழுதிக்கொள்கின்றது என்பது இதனாற் பெறப்படும். எவரும் பதியாவிடினும் உடல் தன் உழைப்பைப் பதிந்தே வைக்கும். அப்பதிவைப் படிப்பவர் அரியர் என்பதே குறை.

ஒளியிற் பதிந்தோர்

சிற்பி எதிர்கொண்ட இடரை ஓரளவு தீர்த்தது நிழற்படம். ஐக்கிய அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பார் 1878இல் ஓடும் குதிரையை வரிசையாக நிறுத்திய படக்கருவிகளாற் பிடித்தார். 1887இல் மனிதரும் விலங்குகளும் இயங்கும் நிலைகளை 781 தகடுகளாக வெளியிட்டார். பிரான்சு நாட்டு உடலியலறிஞர் மரே 1882இல் துப்பாக்கி வடிவான படக்கருவியொன்றை ஆக்கி, ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் எடுத்தார். பின்னர் அவர் ஒருவனுக்குக் கரிய உடை அணிவித்து, கை கால்களின் வழியே வெண்கோடுகளை இட்டு, கரிய திரையின் முன் நடக்கச் செய்தார். படத்திலே உடல் மறைந்தது; கோடுகளே எஞ்சின. இன்று கணினி வரையும் கோட்டுருவ மனிதனுக்கு முன்னோன் இவனே.

இக்கலை தொழிற்சாலையுட் புகுந்தபோது அதன் நோக்கு மாறியது. பிரெடரிக் ரெயிலர் 1911இல் வெளியிட்ட நூலில், நாளொன்றுக்குப் பன்னிரண்டரைத் தொன் இரும்பு சுமந்த ஒரு தொழிலாளியை 47 தொன் சுமக்கச் செய்தமையை வெற்றியாக எடுத்துரைக்கின்றார். அவனுக்குக் கிடைத்த கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராகவே உயர்ந்தது. சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி இரு மடங்குதானும் இல்லை. உற்றுநோக்கலும் கணக்கிடலும் எவர் கையில் உள்ளனவோ அவர்க்கே அவை பயன்படும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

பிராங்க் கில்பிரெத், அவர் மனைவி லில்லியன் ஆகியோரின் முயற்சி சிறிது வேறுபட்டது. கொத்துவேலையை ஆராய்ந்த பிராங்க், செங்கல் ஒன்றை வைப்பதற்குக் கொத்தன் செய்யும் அசைவுகளைப் பதினெட்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் கொத்தன் தன் உடற்பாரம் முழுவதையும் நிலமளவுக்குத் தாழ்த்தி மீள உயர்த்தவேண்டியிருந்தது. சுவர் எழுமளவில் உயர்த்தத்தக்க சாரத்தை அமைத்து, கல்லையும் சாந்தையும் அவன் கையெட்டும் உயரத்தில் வைத்ததும் அக்குனிதல் நீங்கிற்று. பின்னர் இருவரும் தொழிலாளியின் விரலிற் சிறு மின்விளக்கைப் பொருத்தி, கையின் வழியை ஒளிக்கோடாகப் படத்திற் பதித்தனர். விரைவே அவர்தம் குறிக்கோளாயினும், குனிதல் என்பது தொழிலின் இயல்பன்று, கருவி வைக்கப்பட்ட இடத்தின் குறை என்னும் உண்மை இதனால் வெளிப்பட்டது. பணிச்சூழலியலின் உயிர்நிலை இவ்வுண்மையே.

ஆடற்குறியும் ஆலையும்

ஆடலும் உழைப்பும் மீண்டும் ஒருமுறை சந்தித்தன. ருடோல்ப் லாபான் என்னும் நடன ஆசிரியர், இசைக்குச் சுரக்குறி போல அசைவுக்குரிய குறியெழுத்தை 1928இல் வெளியிட்டார். ஜேர்மனியை விட்டு இங்கிலாந்தையடைந்த அவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லோறன்ஸ் என்னும் ஆலோசகரோடு சேர்ந்து தொழிற்சாலைகளில் உழைப்போரின் அசைவுகளை ஆராய்ந்தார். அதன் பயனாக இருவரும் எழுதிய நூல் 1947இல் வெளிவந்தது. 1950களின் நடுவிலே பெனேஷ் தம்பதியர் ஐந்து கோடுகளின்மீது உடலை எழுதும் மற்றொரு முறையைத் தந்தனர். தலையுச்சி, தோள், இடை, முழந்தாள், தரை என்பன அக்கோடுகள்.

இக்குறியெழுத்துக்கள் நுண்மையானவை, ஆதலினாலேயே கற்றற்கு அரியவை. ஆடலாசிரியர் ஒருவர் ஆண்டுக்கணக்கிற் கற்கலாம். தொழிற்றலத்தில் நின்று நோக்கும் மேற்பார்வையாளருக்கு அது இயலாது. நுண்மை மிகின் எளிமை குன்றும். எளிமை மிகின் நுண்மை குன்றும். பின்வந்த முறைகள் யாவும் இவ்விரண்டற்கும் இடையே ஒரு நடுநிலையைத் தேடினவேயாம்.

இதற்கிடையில், அமெரிக்க மானிடவியலறிஞர் கோர்டன் ஹியூஸ் 1955இல் உலக மக்கள் கொள்ளும் நிலைகளை ஏறக்குறைய நூறு கோட்டுருவங்களாக வகுத்து, அவை எந்நாடுகளிற் பயில்கின்றன என்பதைக் காட்டினார். நாற்காலி அறியாத மக்கள் தொகை மிகப் பெரிது. மனித குலத்தில் நாலிலொரு பங்கினராவது முழந்தாளை முற்ற மடித்துக் குந்தியிருந்தே இளைப்பாறுகின்றனர் என்பது அவர் கணிப்பு. மேனாட்டுத் தொழில் ஆய்வாளர்கள் இக்கணிப்பை உள்ளத்திற் கொண்டிருந்தால், அடுத்து வந்த முறைகள் வேறுவகையாக அமைந்திருத்தல் கூடும்.

உருக்காலையிற் பிறந்த நான்கு இலக்கங்கள்

பின்லாந்து நாட்டில் ஓவாக்கோ என்னும் உருக்குக் கம்பனியின் ஆலைகளில் 1970களில் ஒரு முறை உருவாயிற்று. கார்ஹு, கன்சி, குவோரின்கா என்னும் மூவர் 1977இல் அதனை வெளியிட்டனர். கம்பனியின் பெயரை முதலாகக் கொண்டு அது ஓவாஸ் என வழங்குகின்றது. இன்று வழக்கிலுள்ள வடிவில், நோக்குபவர் நான்கு இலக்கங்களை எழுதினாற் போதும்.

முதலிலக்கம் முதுகு: நேர் 1, வளைவு 2, திருகல் 3, வளைந்து திருகல் 4. இரண்டாம் இலக்கம் கை: இரு கைகளும் தோளுக்குக் கீழ் 1, ஒரு கை தோளளவில் அல்லது அதன்மேல் 2, இரு கைகளும் அவ்வாறாயின் 3. மூன்றாம் இலக்கம் கால்: இருத்தல், இருகால் நீட்டி நிற்றல், ஒருகாலில் நிற்றல், இரு முழந்தாளும் மடித்து நிற்றல் அல்லது குந்துதல், ஒரு முழந்தாள் மடித்து நிற்றல், முழந்தாளிடல், நடத்தல் என ஏழு. நான்காம் இலக்கம் சுமை: 10 கிலோகிராம் வரை 1, 20 வரை 2, அதற்குமேல் 3. முதல் மூன்றும் சேர 84 நிலைகள்; சுமையுஞ் சேர 252. ஒவ்வொன்றும் திருத்தம் வேண்டாதது, விரைவில் திருத்தவேண்டியது, மிக விரைவில் திருத்தவேண்டியது, உடனே திருத்தவேண்டியது என்னும் நால்வகையுள் ஒன்றில் அடங்கும்.

குறித்த இடைவேளைக்கு ஒருமுறை, எடுத்துக்காட்டாக முப்பது நொடிக்கு ஒருமுறை, தலைநிமிர்ந்து நோக்கி நான்கு இலக்கங்களை எழுதுதலே பணி. ஒரு மணி நேரத்தில் 120 குறிப்புக்கள் சேரும். அவற்றுள் 90 குறிப்புக்களில் முதுகின் இலக்கம் 2 ஆயின், அம்மணி நேரத்தின் முக்காற்பங்கு குனிந்தே கழிந்தது எனக் கொள்ளலாம். எந்தக் கணத்தைத் தெரிவது என்று சிற்பி இடர்ப்பட்டான். இம்முறையோ கணத்தைத் தெரிவதைக் கடிகாரத்திடம் ஒப்புவித்துவிட்டது. அதன் வலிமை ஈதே.

1993இல் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மெக்கற்றம்னியும் கொலெற்றும் றூலா என்னும் முறையை வெளியிட்டனர். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு என்பவற்றை அது நுணுகி நோக்கி, 1 முதல் 7 வரை மதிப்பிடும். ஆடைத் தொழிலாளரும் கணினித் திரைமுன் இருப்போரும் பணிசெய்யும் நிலைகளை ஆராய்ந்து ஆக்கப்பட்டது அது. 2000ஆம் ஆண்டில் ஹிக்னெற்றும் மெக்கற்றம்னியும் வெளியிட்ட றீபா, மருத்துவமனைப் பணியாளர் போல முழு உடலாலும் உழைப்போர்க்கு உரியது. இப்பொழுது கைப்பேசிப் படக்கருவியினின்றே மூட்டுக்களின் இடத்தைக் கணிக்கும் கணினி நிரல்களும் வந்துள்ளன. ஆயினும் படத்தில் மறைந்த மூட்டைக் கணித்தல் அவற்றுக்கும் அரிது. சேலைக்குள்ளே மடிந்த முழந்தாளை எந்தக் கருவி காணும்?

வன்னி நிலத்தில் இம்முறைகள்

இனி நம் நிலத்துக்கு வருவோம். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல், இந்நிலத்தின் குளங்களையும் ஊர்களையும் குடிகளையும் வழக்கங்களையும் தொகுத்துத் தருகின்றது. அருவிச் சிந்து, குருவிப் பள்ளு போன்ற நாட்டார் இலக்கியங்கள் வயலுழைப்பின் ஓசையையும் உணர்வையும் காத்துவைத்தன. ஏட்டிலும் பாட்டிலும் உள்ள இவ்வுழைப்பை, மேற்கூறிய இலக்கங்களால் எழுதிப் பார்த்தல் பயனுடைத்து.

நெல்வயலிலே கால் நீட்டி நின்று, இடையில் வளைந்து, களை பிடுங்கும் பெண்ணின் நிலை ஓவாஸ் முறையில் 2121 ஆகும். இது விரைவில் திருத்தவேண்டிய வகை. கச்சான் தோட்டத்தில் குந்தியிருந்து, முன்வளைந்து புல்லுப் பிடுங்குபவளின் நிலை 2141. இது மிக விரைவில் திருத்தவேண்டிய வகை. இலக்கம் எழுதுதல் எளிதே. ஆயின் ஈண்டு ஒரு குறை தோன்றுகின்றது. உருக்காலையில் முழந்தாளைச் சிறிது மடித்துப் பாரம் தாங்கி நிற்பவனுக்கும், பாதம் முழுவதும் நிலத்திற் பதியத் தொடைமேல் வயிறு சார முற்றக் குந்தியிருக்கும் நம் பெண்ணுக்கும் காலின் இலக்கம் ஒன்றே, இருவருக்கும் 4. உருக்காலையில் முற்றக் குந்துதல் அருகிய நிலை. ஆதலின் அதற்குத் தனியிலக்கம் வேண்டப்படவில்லை. நமக்கோ அதுவே நாள் முழுதுங் கொள்ளும் நிலை. ஒரு பதிவுமுறை தான் பிறந்த மண்ணின் உடலையே முதற்கண் காண்கின்றது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இதனால் குந்துதல் தீங்கற்றது என்று கொள்ளுதல் பிழையாகும். பெய்ஜிங் நகர முதியோரிடை நிகழ்ந்து 2004இல் வெளிவந்த ஆய்வு, இளமையில் நாடோறும் நெடுநேரம் குந்தியிருந்தோர்க்கு முழந்தாள் மூட்டுத் தேய்வு மிகுதல் கண்டது. எனவே குந்துதலை இகழ்வதும் புகழ்வதும் நம் வேலையன்று. எத்துணை நேரம், எவ்வகைக் குந்துதல், இடையே எழுதல் உண்டா என்பதைப் பிரித்துப் பதிவதே வேலை. 4 என்னும் இலக்கத்தை அரைக்குந்தல், முழுக்குந்தல், சிறு பலகைமேற் குந்தல் என மூன்றாகப் பிரித்துக்கொள்ளின் நம் வயலுக்கு அம்முறை பொருந்தும்.

முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்போரின் நிலை வேறோர் ஐயத்தை எழுப்பும். குதிகாலை மணலில் ஊன்றி, உடல் முழுவதையும் பின்சாய்த்துக் கயிற்றை இழுக்கும் ஒருவரின் முதுகை நேர் என்பதா, வளைவு என்பதா? அவர் தாங்கும் வலையின் இழுப்பைக் கிலோகிராம் சுமையாக எவ்வாறு எண்ணுவது? சுமை தூக்குதலை எண்ணப் பழகிய அட்டவணைக்கு இழுத்தல் அயலானது.

2009இன் பின்னர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நிறுவப்பட்ட ஆடைத் தொழிற்சாலைகளுக்கு இத்தகைய இடர் இல்லை. தையற்பொறியின் முன் கழுத்தைத் தாழ்த்தியிருக்கும் பெண்ணுக்கு றூலா முறை ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது. அவளை ஒத்தவரைப் பார்த்தே அது ஆக்கப்பட்டது. மேலும் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்கு உரியது. வயல் தொழிற்சாலையன்று. ஆகவே கருவியாலும் சட்டத்தாலும் முதலிற் காணப்படுபவர் கூரையின்கீழ் உழைப்பவரே. வெயிலில் நாட்கூலிக்குக் குனிபவர் இரண்டிலும் பின்தள்ளப்படுகின்றார்.

இவ்விரு சாராரின் வேறாக, வன்னியில் மற்றொரு தொழிலாளரும் உளர். போர் விட்டுச்சென்ற கண்ணிவெடிகளை முகமாலை முதலிய இடங்களில் அகற்றுவோர் அவர். ஆண்களோடு பெண்களும் இப்பணியில் ஈடுபட்டனர். முகக்கவசமும் கனத்த பாதுகாப்பு அங்கியும் அணிந்து, நீண்ட பிடியுள்ள வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாக இழுத்து அகழும் முறை இலங்கையில் வளர்ச்சியடைந்தது. பிடி நீண்டிருத்தல் வெடிக்கும் உடலுக்கும் இடையே தொலைவு வேண்டும் என்பதனால். அங்கி உடலின் எப்பகுதியை மறைத்தல் வேண்டும் என்பது, அணிபவர் நிற்பவரா, குந்துபவரா, முழந்தாளிடுபவரா என்பதைப் பொறுத்தது. இங்கு மெய்ந்நிலை நாரி நோவுக்குரிய செய்தி மட்டுமன்று, உயிருக்குரிய செய்தி. ஒரு தொழிலாளியின் நிலையை முன்கூட்டி ஆராய்ந்து, அதற்கேற்பக் கருவியை ஆக்குதல் நம் மண்ணிலும் இயலும் என்பதை இத்தொழில் மெய்ப்பித்துள்ளது.

பதிவின் பயனும் பதிவோரின் கடமையும்

பனையிலிருந்து விழுந்தவரின் காயத்தை ஊர் அறியும். மருத்துவமனை ஏடும் அறியும். முப்பது ஆண்டு குனிந்த முதுகின் காயம் எந்த ஏட்டிலும் இல்லை. நாரியுளைவு என்று மருத்துவரிடம் செல்லும் தாய், "எப்பொழுது தொடங்கியது?" என்னும் வினாவுக்கு "வயது போனால் வருவதுதானே" என்று விடையிறுத்து மீளுதல் நம்மிடை வழக்கமாயுள்ளது. உழைப்பினால் வந்ததை முதுமையினால் வந்ததாகக் கொள்வதற்குக் காரணம், உழைப்பின் நிலை பதியப்படாமையே. பதிவு இருப்பின், களைக்கருவிக்கு நீண்ட பிடி வேண்டும், குந்தியிருப்பவருக்குச் சிறு பலகை வேண்டும், மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து இளைப்பாற நேரம் வேண்டும் எனச் சான்றோடு கேட்கலாம். பதிவு இன்றேல் அது முறையீடாக மட்டுமே நிற்கும்.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கோடிட்ட தாளும், பென்சிலும், நொடிமுள் உள்ள கடிகாரமும் போதும். விஞ்ஞானமும் கணிதமும் பயிலும் மேல்வகுப்பு மாணவர் இருவர் வரம்பில் நின்று ஒரு மணி நேரம் நோக்கின் 120 குறிப்புக்கள் கிடைக்கும். இருவரும் தனித்தனி எழுதிய இலக்கங்கள் எத்துணை ஒத்துள்ளன என ஒப்பிடுதல் ஆய்வுநெறியின் முதற்பாடமாக அமையும். ஆயின் வரலாறு தந்த எச்சரிக்கையை அவர்கள் மறத்தலாகாது. இரும்பு சுமந்தவனை உற்றுநோக்கிய கண், அவன்மீது சுமையை ஏற்றிற்று. மூக்கை அளந்த கருவி, மனிதனைப் பட்டியலில் அடைத்தது. ஆதலின் நோக்கப்படுபவரின் இசைவைப் பெறுதலும், பெயரை எழுதாது விடுதலும், எழுதியதை அவரிடமே முதலிற் காட்டுதலும், அவர் கூறும் திருத்தத்தை ஏற்றலும் இன்றியமையாதன. எந்நிலையில் எங்கே நோகின்றது என்பதை இலக்கம் அறியாது, உழைப்பவரே அறிவார்.

தஞ்சையிலே 27 கற்கள் உருவம் பெறாது நின்றமையால், எஞ்சிய கரணங்கள் இலவாய்விடவில்லை. நூல் அவற்றைக் காத்தது. நம் உழைப்பாளரின் நிலைகளுக்கோ அத்தகைய நூலும் இல்லை. இயந்திரங்கள் வயலிற் புகுந்து, அருவிவெட்டும் சூடுமிதிப்பும் அருகிவரும் இக்காலத்தில், தாக்கத்தி பிடித்துக் குனிந்து அரிந்த தலைமுறையினர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் நிலைகளை வரலாற்றுக்காகவும், இன்றும் களைபிடுங்கிக் கச்சான் ஆய்பவர்தம் நிலைகளை நலத்துக்காகவும் பதிதல், கல்விபெற்ற வன்னி மைந்தர்க்கும் மகளிர்க்கும் உரிய கடமையாகும். அதனைத் தொடங்குதற்கு ஒரு வயலும் ஒரு மணி நேரமும் போதியன.